ஃபெர்குசனிடமிருந்து சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்கு

போன மாதம் ஒரு அம்மா தன் 15 வயது மகனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் கால்பந்து அணியில் கோல்கீப்பர். மேட்ச் நாளன்று மட்டும் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுகிறான். ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தம் பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது. "நடிக்கிறானோன்னு நானே ரெண்டு அடி அடிச்சுட்டேன் மேடம்" என்று சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்துவிட்டது.

அவன் நடிக்கவில்லை. இரண்டாவது முறை வந்தபோதுதான் மெதுவாகச் சொன்னான். ஒரு போட்டியில் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டிருக்கிறான். ஹாஃப் டைமில் கோச் மொத்த அணியின் முன்னாலும் அவனை நிற்க வைத்து, முகத்துக்கு நேராக ஐந்து நிமிடம் கத்தியிருக்கிறார். அவன் உயரம், அவன் சாப்பாடு, அவனுக்கு பூட்ஸ் வாங்கிக் கொடுத்த அப்பா, எதையும் விடவில்லை. (பையனைப் பற்றிய அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அவனிடமும் அம்மாவிடமும் அனுமதி கேட்டுவிட்டேன்.)

கோச்சிடம் பேசினேன். கெட்ட மனிதர் இல்லை. கையிலிருந்து காசு போட்டு பந்து வாங்குகிறவர். அவர் சொன்னது இது: "மேடம், கத்தினதாலதான் செகண்ட் ஹாஃப்ல நல்லா ஆடினாங்க. அலெக்ஸ் ஃபெர்குசன் கத்தலையா? அவரை விடவா நமக்குத் தெரியும்?"

விளையாட்டு வீரர்களுக்கான மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். இந்த ஆண்டு என்னிடம் ஃபெர்குசன் பெயரைச் சொன்ன நான்காவது பயிற்சியாளர் இவர். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஃபெர்குசன் கத்தினார். அதை யாரும் மறுக்கவில்லை. 1986 நவம்பரில் இங்கிலாந்துக் கால்பந்துக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மேனேஜராக வந்து 2013 வரை இருந்தவர், 13 லீக் பட்டங்கள், இரண்டு முறை சாம்பியன்ஸ் லீக் வென்றவர். முகத்தோடு முகம் வைத்து அவர் கத்துவதற்கு ஹேர் டிரையர் என்று பெயர் வைத்தது அவரிடம் ஆடிய மார்க் ஹியூஸ். சூடான காற்று முகத்தில் அடிப்பது போல இருக்குமாம். 2003 பிப்ரவரியில் எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனலிடம் 2-0 என்று தோற்ற அன்று, தரையில் கிடந்த பூட்ஸை அவர் ஓங்கி உதைக்க, அது யுனைடெட் வீரர் டேவிட் பெக்காமின் புருவத்தில் போய் விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கதை மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் என் வருத்தமே.

அவரிடம் ஆடிய வெய்ன் ரூனி பின்னாளில் சொன்ன ஒரு விஷயத்தைக் கேளுங்கள். ஹாஃப் டைமில் ஃபெர்குசன் வந்து, தேவையில்லாமல் பந்தைக் காலிலேயே வைத்துத் தட்டிக்கொண்டு ஓடி டிரிபிள் பண்ணுகிறாய் என்று ரூனியைப் பிடித்துக் கத்துவார். ரூனிக்கோ குழப்பம். டிரிபிள் பண்ணியது சக வீரர் நானி. இவரும் பதிலுக்குக் கத்துவார், பெரிய சண்டையாகிவிடும். பல காலம் கழித்துத்தான் ரூனிக்குப் புரிந்தது. அந்தத் திட்டு நானிக்கானது. நேரடியாகத் திட்டினால் நானி உடைந்துவிடுவார் என்று ஃபெர்குசனுக்குத் தெரியும். ரூனி தாங்குவார், கோபம் வந்தால் இன்னும் வேகமாக ஓடுவார் என்பதும் தெரியும். ஒருவரைத் திட்டி இன்னொருவருக்குச் சேதி சொல்லியிருக்கிறார். அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருந்தது கோபம் இல்லை, கணக்கு.

யுனைடெட்டின் பிரெஞ்சு வீரர் கான்டோனா விஷயத்தைப் பாருங்கள். 1995 ஜனவரி 25, செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானம். சிவப்பு அட்டை வாங்கி வெளியே போகும்போது, தன்னை வசைபாடிய ரசிகர் மீது தடுப்பைத் தாண்டிப் பாய்ந்து உதைத்தார் கான்டோனா. செப்டம்பர் முடியும்வரை ஆடத் தடை. அந்தக் கோடையில் மனம் வெறுத்து பாரிஸுக்குப் போய்விட்டார், இனி இங்கிலாந்தே வேண்டாம் என்று. ஒழுக்கத்தில் அவ்வளவு கறாரான ஃபெர்குசன் அப்போது என்ன செய்தார்? விமானம் ஏறி பாரிஸுக்குப் போனார். பத்திரிகைக்காரர்கள் கண்ணில் படாமல் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, ஓர் உணவகத்துக்குப் போய், கான்டோனாவுடன் உட்கார்ந்து பழைய பெரிய ஆட்டங்களைப் பற்றிப் பேசினார். கான்டோனா திரும்பி வந்தார். அக்டோபர் 1ஆம் தேதி லிவர்பூலுக்கு எதிராக இறங்கி பெனால்டியில் கோல் அடித்தார். அந்தப் பருவத்தின் முடிவில் லீக் பட்டமும் எஃப்.ஏ. கோப்பையும் யுனைடெட்டுக்கு. கோப்பை இறுதியில் அணித் தலைவராக நின்று ஒரே கோலை அடித்ததும் கான்டோனாதான். அவரிடம் போய் ஒரு முறை ஹேர் டிரையரைக் காட்டியிருந்தால் அந்தப் பருவம் எப்படி முடிந்திருக்கும்?

ரொனால்டோவின் அப்பா உடல்நிலை மோசமாகிப் படுத்திருந்தபோது, முக்கியமான போட்டிகள் காத்திருந்தும், எத்தனை நாள் வேண்டுமோ போய் இருந்துவிட்டு வா என்று அனுப்பியவரும் இதே மனிதர். ரொனால்டோ இதைப் பல முறை சொல்லியிருக்கிறார். அந்த அப்பா 2005இல் இறந்துபோனார்.

2001 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக ஹாஃப் டைமில் 3-0 என்று பின்தங்கியிருந்தது யுனைடெட். கூரை பறக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த வீரர்களிடம் அவர் கத்தவில்லை. அடுத்த கோலை முதலில் நாம் அடிப்போம், அப்புறம் பார்ப்போம் என்ற அளவில்தான் பேசினார். ஆட்டத்தை யுனைடெட் 5-3 என்று வென்றது.

சரி, இப்போது என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "கத்தினேன், அடுத்த பாதியில் நன்றாக ஆடினார்கள். பாராட்டினேன், அடுத்த மேட்சில் சொதப்பினார்கள். என் அனுபவத்தில் கண்டது மேடம் இது." இதை ஒருவர் விடாமல் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கண்டதற்குக் கற்பிக்கும் காரணம்தான் தவறு.

டேனியல் கானமன் என்ற உளவியலாளர், பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், இஸ்ரேல் விமானப்படையின் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுத்தபோது இதே வாதம் வந்தது. நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாகப் பறக்கிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை தேறுகிறான் என்றார் ஒரு மூத்த பயிற்றுநர். கானமன் வாதாடவில்லை. தரையில் ஓர் இலக்கைக் குறித்து, முதுகைக் காட்டி நின்று, இரண்டு காசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வீசச் சொன்னார். முதல் முறை இலக்குக்கு மிக அருகே போட்டவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது காசு தள்ளி விழுந்தது. முதல் முறை மிகத் தள்ளிப் போட்டவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது காசு கிட்டே விழுந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை.

நானும் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுக்கும்போது பாட்டில் மூடியை வைத்து இதைச் செய்யச் சொல்வேன். தயவுசெய்து உங்கள் கிரவுண்டிலும் செய்து பாருங்கள். ஒரு பையனுக்கு என்று ஒரு சராசரி ஆட்டம் இருக்கிறது. ஒரு நாள் அதற்கு மேலே போவான், ஒரு நாள் கீழே விழுவான். நீங்கள் எப்போது கத்துகிறீர்கள்? அவன் மிகக் கீழே விழுந்த நேரத்தில். அதற்கப்புறம் அவன் போக வழி ஒன்றுதான், மேலே. நீங்கள் வாயை மூடிக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டியிருந்தாலும் செகண்ட் ஹாஃபில் அவன் கொஞ்சம் தேறியிருப்பான். எப்போது பாராட்டுகிறீர்கள்? அவன் இருப்பதிலேயே நன்றாக ஆடிய நாளில். அடுத்த நாள் இறங்கத்தான் செய்வான். இப்படிப் பத்து வருடம் பார்த்தால், திட்டு வேலை செய்கிறது, பாராட்டு கெடுக்கிறது என்று எந்த நல்ல மனிதரும் நம்பிவிடுவார். அந்த நம்பிக்கைக்குத்தான் பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நான் திட்டி வளர்ந்தவன்தான் இன்னைக்கு மாநில அணியில ஆடுறான்." ஒப்புக்கொள்கிறேன். அதே ஆண்டு உங்களிடம் சேர்ந்து, ஆறு மாதத்தில் வராமல் போன பிள்ளைகளின் பெயர் ஞாபகம் இருக்கிறதா? அவர்களில் சிலரை எனக்குத் தெரியும்.

ஃபெர்குசனே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஹார்வர்டு வணிகப் பள்ளி அவருடைய வழிமுறையை 2012இல் பாடமாக ஆராய்ந்தது. எப்போதும் கத்திக்கொண்டே இருந்தால் வேலைக்கு ஆகாது, திட்டினால் முன்னேறுகிறவர்கள் கொஞ்சம் பேர், பெரும்பாலானவர்களுக்கு ஊக்கம்தான் வேண்டும் என்பதுதான் அதில் அவர் சொன்னதன் சாரம். நன்றாகச் செய்தாய் என்ற சொல்லை விட மேலான சொல் ஒரு வீரனுக்கு இல்லை என்றார். தவறைப் பேச வேண்டும் என்றால் ஆட்டம் முடிந்ததும் பேசிவிடுவார். திங்கட்கிழமை வரை இழுத்துக்கொண்டு போகமாட்டார். முக்கியமாக, பயிற்சியின்போது பின்னால் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும் பழக்கத்தை, யுனைடெட்டுக்கு முன் அவர் மேனேஜராக இருந்த ஸ்காட்லாந்து அணியான அபர்டீனிலேயே ஏற்படுத்திக்கொண்டார். எவன் நடை மாறியிருக்கிறது, எவன் வீட்டில் ஏதோ சரியில்லை என்பதெல்லாம் அப்படிப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்தது. நம்மில் எத்தனை பேர் ஒரு மணி நேரம் விசில் ஊதாமல் நின்று பார்க்கிறோம்?

ஃபெர்குசனிடம் நெடுங்காலம் ஆடிய ரையன் கிக்ஸ் யுனைடெட்டில் சேர்ந்தது எப்படித் தெரியுமா? 1987இல் அந்தப் பையனின் 14ஆவது பிறந்தநாளன்று ஃபெர்குசன் அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். பின்னாளில் கிக்ஸ் வாங்கிய ஒவ்வொரு திட்டுக்கும் பின்னால் அந்த வாசல்படி இருக்கிறது. திட்டை ஒருவன் தாங்குவது அவன் தோல் தடிமனாக இருப்பதால் மட்டும் இல்லை. இவர் நம்மை விட்டுவிடமாட்டார் என்று தெரிந்தால்தான் தாங்குவான்.

அவர் செய்ததெல்லாம் சரி என்றும் நான் சொல்லவில்லை. 1983இல் அபர்டீன் ரேஞ்சர்ஸை வென்று ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கிய அன்றே, இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் ஆடிய ஆட்டம் கேவலம் என்று தொலைக்காட்சியில் சொன்னார். ரியல் மாட்ரிட்டை வீழ்த்தி ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையை வென்று பத்தே நாள் ஆன பையன்கள் அவர்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்டார். 1990 எஃப்.ஏ. கோப்பை இறுதி 3-3 என்று முடிந்து மறுபடி ஆட வேண்டி வந்தபோது, கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டனை நீக்கினார். அபர்டீனிலும் அவரிடம் ஆடியவர் லெய்ட்டன். யுனைடெட் கோப்பையை வென்றது, அந்த உறவு அத்தோடு முறிந்தது. பெக்காம் அந்த பூட்ஸ் சம்பவம் நடந்த கோடையிலேயே ரியல் மாட்ரிட் போய்விட்டார். இத்தனைக்கும் இவர்கள் வளர்ந்த ஆண்கள், நாட்டுக்காக ஆடியவர்கள், கை நிறையச் சம்பளம் வாங்கியவர்கள். உங்கள் முன்னால் நிற்பது எட்டாம் வகுப்புப் பையன்.

பயத்தில் உடம்புக்கு என்ன ஆகும் என்று நான் விளக்கப் போவதில்லை, அது உங்களுக்கே தெரியும். தவறு செய்த அடுத்த நொடி பந்தைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கும் பையன் உங்கள் அணியில் இருக்கிறானா? அவன் ஏற்கெனவே பயந்துவிட்டான். பந்து தன்னிடம் வராத இடமாகத் தேடிப்போய் நிற்கிறவன், மேட்ச் நாளில் மட்டும் வயிற்று வலி, தலைவலி வருகிறவன், முன்தினம் தூங்காதவன், இவர்களை நடிப்பு என்று தள்ளாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ அனுப்புங்கள்.

சாதியை, நிறத்தை, உடம்பை, அப்பா அம்மாவை இழுத்துப் பேசாதீர்கள். இதில் விவாதமே கிடையாது. அது பயிற்சி இல்லை, கொடுமை.

கத்தித்தான் ஆக வேண்டும் என்றால் அதில் ஒரு தகவல் இருக்கட்டும். "இடது பக்கம் ஆள் ஏர்றான், பாரு" என்று எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கத்துங்கள். "கண்ணு என்ன பின்னாடியா இருக்கு" என்பதில் அவன் திருத்திக்கொள்ள என்ன இருக்கிறது? கோல்கீப்பரிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஃபார்வர்டு பத்து வாய்ப்பைத் தவறவிட்டாலும் மறந்துவிடுவார்கள், இவன் தவறு ஸ்கோர் போர்டில் நிற்கும்.

பருவம் தொடங்கும்போதே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, "தப்பு பண்ணா நான் எப்படிச் சொன்னா உனக்கு நல்லா இருக்கும்?" என்று கேளுங்கள். 20 பேர் இருந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஒருவன் அங்கேயே சொல்லுங்க சார் என்பான். ஒருத்தி தனியாகச் சொல்லுங்க சார் என்பாள். பேசாமலே நிற்கிறவனைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவனிடம்தான் நீங்கள் மறுபடி போக வேண்டும்.

பெற்றோர்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். மேட்ச் முடிந்து பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளையிடம் அந்த கோலைப் பற்றிப் பேசாதீர்கள். வீடு வரும்வரை என்ன சாப்பிடலாம் என்று மட்டும் பேசுங்கள். அவனாக ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த கோல்கீப்பர் இன்னும் கிரவுண்டுக்குப் போகவில்லை. வாரம் ஒரு முறை என்னிடம் வருகிறான். போன வாரம் கையுறையைப் பையில் எடுத்து வந்திருந்தான், வெளியே எடுக்கவில்லை. பாட்டில் மூடி வீசிப் பார்த்த அவனுடைய கோச் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன் என்றிருக்கிறார். டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள் சார், எப்போது திரும்பி வருகிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.