வயதுக்கு வரும் முன்பே பிள்ளையின் முதுகை ஒருமுறை பாருங்கள்

எட்டு, ஒன்பது வயது வரை பெண்பிள்ளையின் முதுகு அம்மாவின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கை தானாக அங்கே போய்விடும். பத்து வயதில் பிள்ளை தானே குளிக்கத் தொடங்கிவிடுகிறாள். முதுகுத்தண்டு வளைய ஆரம்பித்தால் அது வேகம் பிடிப்பதும் அதற்கடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். அதனால் பல வீடுகளில் இதை முதலில் கண்டுபிடிப்பவர் தையல்காரர். "ஒரு தோள் இறங்கியிருக்கும்மா, சுடிதார் ஒரு பக்கம் ஏறுது" என்று அளவெடுக்கும்போது சொல்வார். அந்த வார்த்தையை அலட்சியம் செய்யாதீர்கள்.

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே திருகிக்கொள்வதை ஸ்கோலியோசிஸ் என்கிறோம். எக்ஸ்ரேயில் 10 டிகிரிக்கு மேல் வளைவு இருந்தால்தான் இந்தப் பெயர். வளரிளம் பருவத்தினரில் 100 பேருக்கு இரண்டு மூன்று பேரிடம் இது இருக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையே தேவைப்படாது. ஆனால் பெரிதாக வளர்ந்து சிகிச்சைக்கு வரும் வளைவுகளில் மிகப் பெரும்பகுதி பெண்பிள்ளைகளுடையது.

பள்ளிப் பை தூக்கியதால் வந்ததா, கோணலாகப் படுத்ததால் வந்ததா, தரையில் உட்கார்ந்து எழுதியதால் வந்ததா என்று பெற்றோர் கேட்பார்கள். இவை எதனாலும் வருவதில்லை. "நிமிர்ந்து உட்காரு" என்று திட்டுவதாலும் வளைவு நிமிராது. பிள்ளை செய்த தவறு இதில் எதுவும் இல்லை என்பதை அவளிடமே சொல்லிவிடுங்கள்.

வீட்டில் பார்க்கும் முறை எளிது. பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல் நிற்கச் சொல்லுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துவைத்துக்கொண்டு, முதுகு தரைக்குச் சமமாகும் வரை மெதுவாகக் குனியட்டும். பின்னால் நின்று, உங்கள் கண்ணை அவள் முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். விலா எலும்புப் பகுதியோ இடுப்புக்கு மேல் உள்ள பகுதியோ ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால் அதுதான் அடையாளம். நிற்கும்போது வெளியே தெரியாத திருகல் குனியும்போது தெரிந்துவிடும். ஸ்டூலில் உட்காரவைத்து மறுபடி குனியச் சொல்லும்போது மேடு காணாமல் போனால், ஒரு கால் சற்றே குட்டையாக இருக்க வாய்ப்பு உண்டு. இந்தச் சாய்வை அளக்க ஸ்கோலியோமீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. அதில் 7 டிகிரி காட்டினால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எக்ஸ்ரேயிலும் தவறு நடக்கிறது. படுக்கவைத்து எடுத்த படத்தில் வளைவு குறைவாகத்தான் தெரியும். செருப்பைக் கழற்றி, நிற்கவைத்து, கழுத்திலிருந்து இடுப்பெலும்பு வரை ஒரே படத்தில் வர வேண்டும். மார்பில் கதிர்வீச்சு குறைவாகப் படும்படி முதுகுப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மேலேயும் கீழேயும் அதிகமாகச் சாய்ந்திருக்கும் இரண்டு முள்ளெலும்புகளின் விளிம்பில் கோடு போட்டு அளப்பதுதான் கோப் கோணம். இந்த அளவில் 5 டிகிரி வரை பிழை வரலாம். போன முறை 24, இந்த முறை 27 என்றவுடன் பயந்துவிட வேண்டாம். அதே எலும்புகளை வைத்துத்தான் அளந்தார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

டிகிரியை மட்டும் வைத்து மருத்துவர்களான நாங்கள் முடிவெடுப்பதில்லை. இன்னும் எவ்வளவு வளர்ச்சி பாக்கி இருக்கிறது என்பதுதான் முக்கியமான கேள்வி. பெண்பிள்ளைகளின் உயரம் வேகமாக ஏறுவது பூப்பெய்துவதற்கு முந்தைய ஓராண்டு வாக்கில். அந்தப் படத்திலேயே இடுப்பெலும்பின் மேல்விளிம்பைப் பார்த்து, எலும்பு முதிர்ச்சியை 0 முதல் 5 வரை ரிஸ்ஸர் எண்ணால் குறிப்போம். 11 வயதில், பூப்பெய்தாத, ரிஸ்ஸர் 0 உள்ள பிள்ளைக்கு 28 டிகிரி என்றால் அவசரம். அதே 28 டிகிரி 16 வயதில், ரிஸ்ஸர் 5 என்றால் வீட்டுக்குப் போகலாம்.

வளர்ச்சி பாக்கி இருந்து வளைவு 25-க்கும் 40-க்கும் இடையில் இருந்தால், உடலைச் சுற்றிப் போடும் பிரேஸ் என்ற கவசம். கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் பெல்ட் இதற்கு ஆகாது. உடலுக்கு அளவெடுத்து, கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்து, வளைவின் உச்சியில் அழுத்தும் பேட் வைத்ததாக இருக்க வேண்டும். 2013-இல் வெளிவந்த அமெரிக்க, கனடிய ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. போடாதவர்களில் அது 48 சதவீதம். பிரேஸுக்குள் வெப்ப உணரி வைத்து நேரத்தைக் கணக்கிட்டபோது, தினமும் 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பித்தார்கள்.

நாங்கள் எழுதித் தருவது 18 மணி நேரம். பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போகக் கூச்சப்படும் பிள்ளைக்கு ஒரு கணக்குச் சொல்லலாம். மாலை 4 மணிக்கு வந்ததும் போட்டு மறுநாள் காலை 7 மணிக்குக் கழற்றினால் 15 மணி நேரம். குளிக்க, விளையாட இரண்டு மணி நேரம் போனாலும் 13 தேறிவிடும். இரவு மட்டும் போட்டால் எட்டு மணி நேரம்தான் ஆகும், அது போதாது.

பிரேஸ் வந்த ஒரு மாதத்துக்குள், அதைப் போட்டபடியே ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வளைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தால் நல்லது. குறையவில்லை என்றால் பேடை மாற்றச் சொல்லுங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஸ்ட்ராப்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், தினமும் அந்தக் கோடு வரை இழுக்க வேண்டும். தளர்வாகப் போட்ட பிரேஸ் வெறும் பாரம். நம் ஊர் வெயிலுக்கு உள்ளே தையல் உறுத்தாத பருத்தி பனியன் போடலாம், வியர்த்தால் உடனே மாற்ற வேண்டும். பிரேஸுக்கு அடியில் பவுடர், எண்ணெய் எதுவும் வேண்டாம், தோல் ஊறிப் புண்ணாகிவிடும். கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையாவிட்டால் பிரேஸ் செய்தவரிடம் காட்ட வேண்டும்.

எண்ணெய் தேய்த்து நீவுவதாலோ முதுகில் சொடுக்கு எடுப்பதாலோ வளைவு நிமிராது. அதில் போகும் ஆறு மாதம், சில பிள்ளைகளுக்கு பிரேஸ் வேலை செய்யக்கூடிய கடைசி ஆறு மாதம்.

இரவில் எழுப்பும் வலி, காலில் பலவீனம், சிறுநீர்க் கட்டுப்பாடு தவறுதல், முதுகின் நடுவில் முடிக்கற்றை, நெஞ்சுப் பகுதியில் இடது பக்கம் பிதுங்கும் வளைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் எம்ஆர்ஐ எடுத்துத் தண்டுவடத்தைப் பார்த்துவிட வேண்டும்.

45, 50 டிகிரியைத் தாண்டினால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவோம். நெஞ்சுப் பகுதி வளைவு 50 டிகிரிக்கு மேல் போய்விட்டால், வளர்ச்சி நின்ற பிறகும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 டிகிரி கூடிக்கொண்டே போகும். முள்ளெலும்புகளில் ஸ்க்ரூ பொருத்தி, வளைத்த உலோகக் கம்பிகளில் (ராடு) கோத்து, திருகலை எடுத்து, எலும்புத் துகள்களைப் பரப்பி மூடுவோம். ராடு தற்காலிகத் தாங்கல்தான். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எலும்புகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும், ஒட்டாத இடத்தில் என்றாவது ராடு உடையும்.

தண்டுவடத்துக்கு ஆபத்து வராமலிருக்க, தலையிலிருந்து மின்துடிப்பு அனுப்பி அது கால் தசையில் வந்து சேர்கிறதா என்று அறுவை முழுக்கப் பார்ப்போம். சமிக்ஞை குறைந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றி, ஸ்க்ரூக்களைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் நிமிர்த்தியதைத் தளர்த்திவிடுவோம். நரம்புப் பாதிப்பு 100 பேரில் ஒருவருக்கும் குறைவு, கிருமித் தொற்று ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். இந்தக் கண்காணிப்பு வசதி இருக்கிறதா என்று எந்த மருத்துவமனையிலும் தயங்காமல் கேளுங்கள்.

முதுகை நூல் பிடித்தாற்போல் நேராக்குவது எங்கள் இலக்கு இல்லை. தலை இடுப்பின் நடுவுக்கு நேரே வர வேண்டும், தோள்கள் சமமாக வேண்டும், இடுப்புப் பகுதியில் இயன்றவரை எலும்புகளை ஒட்டாமல் விட வேண்டும். கீழே விட்டுவைக்கும் ஒவ்வொரு எலும்பும் அவள் குனிந்து நிமிர உதவும், 40 வயதில் வரும் இடுப்பு வலியையும் குறைக்கும். தாமதமாக வந்த பெரிய வளைவில் அந்தச் சலுகை பல நேரம் கிடைப்பதில்லை.

மறுநாளே எழுந்து நிற்கவைப்போம். ஏறக்குறைய ஒரு மாதத்தில் பள்ளிக்குப் போகலாம். கல்யாணம் தட்டிப்போகுமே, பிள்ளை பெற முடியுமா என்ற பயத்தில் இதை மறைத்து வைக்கும் குடும்பங்களைப் பார்க்கிறோம். ராடு போட்டவர்கள் கருத்தரிக்கலாம், சுகப்பிரசவமும் ஆகலாம். முதுகில் ஊசி போடும்போது மட்டும் மயக்க மருத்துவரிடம் முன்பே எக்ஸ்ரேயைக் காட்ட வேண்டும்.

அடுத்த முறை வரும்போது தங்கையையும் அழைத்து வாருங்கள். இது குடும்பத்தில் தொடர வாய்ப்பு உண்டு, அவளையும் ஒருமுறை குனியவைத்துப் பார்த்துவிடலாம்.