குவிமாடத்துக்குள் எந்த ஊர் வானம்?

வான் அவதானிப்பு முகாம் என்று அழைப்பு வந்தால் நான் முதலில் பார்ப்பது திகதியைத்தான். பெரும்பாலும் போயா தினமாக இருக்கும். பாடசாலை விடுமுறை, ஆசிரியர்களுக்கு வசதி, பெற்றோருக்கும் வசதி. நட்சத்திரங்களுக்குத்தான் வசதியில்லை.

முழுநிலவு எழுந்துவிட்டால் மங்கலான நட்சத்திரங்கள் எல்லாம் மறைந்துவிடும். சரி, நிலவையாவது தொலைநோக்கியில் பார்க்கலாமே என்றால், அதற்கும் பௌர்ணமி உகந்த நாளில்லை. சூரிய ஒளி நேராக விழுவதால் நிலவின் பள்ளங்களுக்கும் மலைகளுக்கும் நிழலே இராது. வெள்ளைத் தட்டுத்தான் தெரியும். அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள் முதல் எட்டாம் நாள் வரை பாருங்கள். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் விளிம்போடு எழும்பி நிற்கும். முன்மாலையில் நிலவு, அது மறைந்த பின் நட்சத்திரம் என்று இரண்டுக்கும் நேரம் கிடைக்கும்.

குவிமாடத்தின் உட்புறத்தில் வானத்தை எறிந்து காட்டும் கோள்மண்டலக் காட்சிகளிலும் இதே கதைதான். காற்றடைத்து நிறுத்தும் குவிமாடத்தைத் திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோய் வானம் காட்டுவது என் வேலையின் ஒரு பகுதி. ஒழுங்குசெய்யும் அதிபர்கள் கேட்பது: ஒரு தடவைக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை நிமிடம், எவ்வளவு செலவு. உள்ளே காட்டப்போவது எந்த ஊர் வானம் என்று கேட்பவர் அரிது.

இது வீண் கேள்வி அல்ல. குவிமாடத்துக்கென்று விற்கப்படும், இலவசமாகவும் கிடைக்கும் ஆயத்தப் படங்களில் பல ஐரோப்பிய, வட அமெரிக்கப் பிள்ளைகளுக்காக எடுக்கப்பட்டவை. அவற்றில் துருவ நட்சத்திரம் வடக்கே பாதி வானம் ஏறி நிற்கும். சப்தரிஷி மண்டலம் அதைச் சுற்றிச்சுற்றி வரும், ஒருபோதும் மறையாது. திருகோணமலை இருப்பது வட அகலாங்கு எட்டரைப் பாகைக்குச் சற்று மேலே. துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரியுமோ அதுதான் அந்த ஊரின் அகலாங்கு. கையை நேரே நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. ஆக, நமக்குத் துருவ நட்சத்திரம் ஒரு முஷ்டி உயரம்கூட இல்லை. உப்புவெளிக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் கடல் ஆவிக்கும் ஹோட்டல் விளக்குகளுக்கும் மேலே மங்கலாக, தேடினால் கிடைக்கும். சப்தரிஷியோ நம் வானில் உதித்து மறைகிறது. வருடத்தின் கடைசி மாதங்களில் முன்னிரவில் அதைக் காணவே முடியாது.

உள்ளே ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வேறொன்றைக் காணும் பிள்ளை, தன் கண்ணைத்தான் சந்தேகிக்கும், படத்தைச் சந்தேகிக்காது. எனக்கு இதில் உள்ள கவலை அதுதான்.

தவிர, நம் வானத்தை மறைத்து வைப்பதற்கு அது ஒன்றும் ஏழை வானமில்லை. மே மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் வெட்டவெளியில் நின்றால் வடக்கே சப்தரிஷி, தெற்கே தென்சிலுவை, இரண்டும் ஒரே நேரத்தில். இலண்டனில் வளரும் பிள்ளை தன் ஊரிலிருந்து தென்சிலுவையைக் காணவே முடியாது. சிட்னிப் பிள்ளைக்குத் துருவ நட்சத்திரம் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு, கூடவே அகத்தியர் என்று நம்மவர் பெயரிட்ட நட்சத்திரமும் மாசி, பங்குனியில் தெற்கே நன்றாக ஏறி நிற்கும். பாடநூலில் ஒரையன் என்று வரும் வேடன் உடுத்தொகுதியின் இடைப்பட்டி நமக்கு நேர் கிழக்கே உதித்து, ஏறத்தாழ உச்சி வழியே போய், நேர் மேற்கே மறையும். திசைகாட்டி இல்லாத பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிறையையும் சொல்ல வேண்டும். பாடநூல்களிலும் படங்களிலும் பிறை அடைப்புக்குறி போல நிமிர்ந்து நிற்கிறது. நம் ஊரில் மாலைப் பிறை தோணி மாதிரி கிடையாக மிதக்கும். சில மாதங்களில் சற்றே சாய்ந்திருக்கும். கிண்ணியாவில் ஒரு வகுப்புக்குக் காட்சி நடத்தியபோது, நிமிர்ந்த பிறைப் படத்தைக் கண்டதும் ஒரு சிறுவன் கேட்டான்: "சேர், இது எந்த நாட்டுப் பிறை?" நோன்புக்கும் பெருநாளுக்கும் வாப்பாவோடு கரையில் நின்று பிறை தேடிப் பழகிய பிள்ளை. பொழுது பட்டதும் மேற்கே, அடிவானுக்குச் சற்று மேலே, கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். ஏன் மேற்கே மட்டும், ஏன் கொஞ்ச நேரம் மட்டும் என்பதைத்தான் குவிமாடத்தில் காட்ட வேண்டும். சூரியனையும் நிலவையும் ஒன்றாக நிறுத்தி, நாளொன்றாக நகர்த்தினால் ஐந்து நிமிடத்தில் வகுப்பே சொல்லிவிடும். நிஜ வானத்துக்கு இல்லாத ஒரே வசதி குவிமாடத்துக்கு இதுதான்: ஒரு மாதத்தை ஒரு நிமிடமாகச் சுருக்கலாம், பின்னோக்கியும் ஓட்டலாம்.

நட்சத்திரங்களை எறிந்து காட்டும் கருவி 1923இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. கார்ல் சைஸ் நிறுவனத்தின் வேலை. இலங்கைக்குக் கோள்மண்டலம் வந்தது 1965இல், கொழும்பில் நடந்த கைத்தொழில் கண்காட்சியோடு. தாமரைப்பூ வடிவக் கட்டடம், பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்கவின் வடிவமைப்பு. வாய்ப்பிருந்தால் பிள்ளைகளை அங்கே கட்டாயம் கூட்டிப்போங்கள். பெரிய குவிமாடத்தின் அனுபவம் தனி. ஆனால் இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். விடியமுன் பேருந்தில் ஏறி, காட்சி பார்த்து, மிருகக்காட்சிசாலையும் காலிமுகத்திடலும் பார்த்து நள்ளிரவில் திரும்பும் பிள்ளைக்கு மனதில் எஞ்சுவது பெரும்பாலும் யானைதான். போவதானால் தமிழ்மொழிக் காட்சி எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மொழி புரியாமல் இருட்டில் அமர்ந்திருக்கும் பிள்ளை தூங்கும். குற்றம் பிள்ளையில் இல்லை.

ஊருக்கே வரும் சிறு குவிமாடத்தின் பலம் வேறு. 5 மீற்றர் விட்டமுள்ள ஒன்றில் 25 பிள்ளைகள் வசதியாக அமரலாம். நாற்பதைத் திணிக்காதீர்கள், ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கழுத்துவலிதான் மிஞ்சும். மென்பொருளுக்குப் பணம் தேவையில்லை. ஸ்டெல்லேரியம் இலவசம். அதில் இடத்தைத் திருகோணமலை என்று தெரிவுசெய்து, திகதியை இன்று என்று வைத்தால் போதும். பெரும்பாலான பாடசாலைக் கணினிகளில் ஓடும். குவிமாடம் வராத பாடசாலைகூடச் சுவரில் காட்டலாம்.

படத்தை ஓடவிட்டு நடத்துநர் வெளியே நின்று போன் பேசும் நிகழ்ச்சிகளை நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே ஒருவர் இருந்து பேச வேண்டும், பிள்ளைகள் இடைமறிக்க வேண்டும். எனக்குக் கைகொடுக்கும் ஒரு கேள்வி: "உங்கட பிறந்த நட்சத்திரம் என்ன?" சைவப் பிள்ளைகள் பலருக்கு விடை நுனிநாக்கில் இருக்கும். அந்த நட்சத்திரத்தை வானத்தில் பார்த்திருக்கிறீர்களா என்றால் ஒரு கையும் உயராது. ரோகிணி என்று சொன்ன பிள்ளைக்கு, வேடனின் தலைக்கு மேற்கே செம்மஞ்சளாக ஒளிரும் அந்த ஒன்றைக் காட்டுவேன். தொலைவு ஏறத்தாழ 65 ஒளியாண்டு. இன்று உன் கண்ணில் படும் ஒளி அங்கிருந்து புறப்பட்டபோது உன் அம்மம்மா சிறுமியாக இருந்திருப்பார் என்றால் குவிமாடம் முழுக்கக் கணக்குப் போடத் தொடங்கும். சுவாதி 37 ஒளியாண்டு, அம்மாவின் வயதுக்குக் கிட்ட. சித்திரை ஏறத்தாழ 250. திருகோணமலைக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலம். சாதகம் சரியா பிழையா என்ற விவாதத்துக்கு நான் போவதில்லை. அது வீட்டில் நடக்கட்டும். பெயர் மட்டும் தெரிந்திருந்த ஒன்றுக்கு இப்போது இடமும் தூரமும் தெரிந்துவிட்டது, அன்றைக்கு அது போதும்.

உடுத்தொகுதிகளின் மேல் கிரேக்க வீரர்களையும் கரடிகளையும் வரைந்து காட்டும் வசதி மென்பொருளில் உண்டு. அணைத்துவிடுவேன். படம் வந்ததும் பிள்ளைகள் கரடியைப் பார்ப்பார்கள், நட்சத்திரத்தைப் பார்க்க மாட்டார்கள்.

இனி, சொல்லாமல் விட்டால் சிக்கலாகிற விடயங்கள். குவிமாடத்தை வெயிலில் மைதானத்தில் நிறுத்தாதீர்கள். காற்றடிக்கும் விசிறி வெளிக்காற்றைத்தான் உள்ளே தள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் உள்ளே இருப்பது தண்டனை. பிரதான மண்டபம் உகந்தது, காலை வேளை அதைவிட உகந்தது. மின்வெட்டு வந்தால் துணி மெதுவாகத்தான் இறங்கும், ஆபத்தில்லை. ஆனால் வாசல் எங்கே என்பதைத் தொடங்குமுன் எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும். இருட்டுக்குப் பயந்த பிள்ளையும், வலிப்பு உள்ள பிள்ளையும் யார் என்பதை வகுப்பாசிரியர் முன்பே என்னிடம் சொல்ல வேண்டும். வானத்தை வேகமாகச் சுழற்றினால் சில பிள்ளைகளுக்கு வயிற்றைப் புரட்டும், ஆகவே அவர்களை வாசலருகே இருத்துங்கள்.

நிகழ்ச்சி முடிந்தது என்று குவிமாடத்தைச் சுருட்டும்போதுதான் பாடசாலையின் பங்கு தொடங்குகிறது. அன்றிரவே பிள்ளை வெளியே பார்க்க வேண்டும். நான் கொடுத்துவிட்டு வரும் வேலை சிறியது: பெரியவர் ஒருவரோடு முற்றத்துக்கு வந்து, உள்ளே கண்டதில் ஒன்றை மட்டும் கண்டுபிடித்து, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எத்தனை முஷ்டி உயரத்தில் என்று எழுதிவர வேண்டும். ஒரு கிழமை கழித்து அதே நேரத்தில் திரும்பப் பார்த்தால் அது மேற்கே சற்று நகர்ந்திருக்கும். ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் முன்னதாக நட்சத்திரம் உதிக்கிறது என்பதை மனப்பாடம் செய்யாமலே அறிவதற்கு வேறு வழியில்லை. மூதூர், குச்சவெளிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகளிடம் இன்னொன்றும் கேட்கச் சொல்வேன்: அப்பாவோ அப்பப்பாவோ எந்த வெள்ளியைப் பார்த்து விடியப்போகிறது என்று அறிந்தார்? வரும் விடைகளில் பாடநூலில் இல்லாத பெயர்கள் இருக்கும். ஆசிரியர்களே, அவற்றைக் கொப்பியில் குறித்து வையுங்கள். ஜிபிஎஸ் வந்த பின் பிறந்தவர்களுக்கு அவை தெரியாது.

கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். நடுவில் ஒருவர் போனைத் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. டோர்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் போதும். பச்சை லேசரைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்: கண்ணில் பட்டால் கேடு, அதோடு சீனக்குடா விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் நம் தலைக்கு மேலேதான் போகின்றன.

மழைக்காலத்தில் என்ன செய்வது? ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வானம் மூடித்தான் இருக்கும். குவிமாடம் உண்மையில் உதவுவது அந்த மாதங்களில்தான். வெளிவான நிகழ்ச்சிகளை மாசிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பகலிலும் வானப்பாடம் உண்டு, செலவே இல்லாமல். வளர்பிறை அரைநிலவு நாளில் பின்னேரம் நான்கு மணிக்கு நிலவு வானில் இருக்கும். ஒரு தேசிக்காயை வெயிலில், நிலவுக்குப் பக்கத்தில் தெரியும்படி நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். தேசிக்காயில் வெளிச்சம் விழும் பக்கமும் அளவும் நிலவில் உள்ளதுபோலவே இருக்கும். பூமியின் நிழல் படுவதால்தான் பிறை உண்டாகிறது என்பது பிள்ளைகளிடம் மட்டுமன்றிப் பெரியவர்களிடமும் ஊறிப்போன எண்ணம். என் அனுபவத்தில் குவிமாடம் அதை அசைக்கவில்லை, தேசிக்காய் அசைத்தது.

ஏப்ரல் 12 அளவில் சூரியன் நம் உச்சிக்கு நேராக வரும், திரும்ப ஓகஸ்ட் இறுதியிலும். அன்று நண்பகல் 12 கடந்து சில நிமிடங்களில் நிமிர்த்தி வைத்த பேனாவுக்கு நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. ஏப்ரல் 12 புத்தாண்டு விடுமுறைக்குள் வருவதால் இதை வீட்டு வேலையாகத்தான் கொடுக்க முடிகிறது.

கிரகணத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். 2019 டிசம்பர் 26 காலை வளையச் சூரிய கிரகணத்தின் பாதை நம் வடகிழக்கின் ஊடாகவே சென்றது. வாழ்நாளில் வாசலுக்கே வந்த காட்சி; பல வீடுகளில் பிள்ளைகளை உள்ளே பூட்டி வைத்தார்கள். மென்பொருளில் அந்தத் திகதியையும் நம் ஊரையும் வைத்தால் இப்போதும் பார்க்கலாம். அடுத்து 2031 மே 21இல் இன்னொரு வளையக் கிரகணம் தென்னிந்தியா, வட இலங்கை வழியாகப் போகிறது. உங்கள் ஊரில் எவ்வளவு மறையும், எத்தனை மணிக்கு என்பதைப் பிள்ளைகளே மென்பொருளில் ஓட்டிப் பார்த்துச் சொல்லட்டும். எக்ஸ்ரே பிலிமும் கறுப்புக் கண்ணாடியும் பாதுகாப்பல்ல. ஐஎஸ்ஓ 12312-2 தரமுள்ள கிரகணக் கண்ணாடி வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஊசித் துளையிட்ட அட்டை போதும். துளையினூடாகச் சூரியனைப் பார்ப்பதில்லை, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று தரையில் விழும் உருவத்தைப் பார்ப்பது என்பதை மட்டும் இப்போதே, ஒரு சாதாரண வெயில் நாளில் செய்து பழக்கிவிடுங்கள்.