குட்டி யானைக்குள் ஒரு சமையலறை

பழைய மகாபலிபுரம் சாலையில், ஐ.டி. கம்பெனிகள் விடுகிற நேரத்துக்குச் சற்று முன்னால், ஒரு பக்கத் தெருவில் நின்றிருந்த ஃபுட் டிரக்குக்குள் ஏறினேன். டாடா ஏஸ் வண்டி. நம் ஊரில் குட்டி யானை என்றால்தான் புரியும். கறுப்புப் பெயின்ட், மஞ்சள் எழுத்து, சீரியல் பல்பு என்று வெளியே பார்க்க அம்சமாக இருந்தது. உள்ளே போனதும் நான் முதலில் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "தம்பி, தண்ணி எங்கே?"

கவுன்ட்டருக்கு அடியில் இரண்டு கேன். மொத்தம் 40 லிட்டர். அன்றைக்கு அவர்கள் எதிர்பார்த்த வியாபாரம் 150 பிளேட். நூடுல்ஸ் வேகவைக்க, கரண்டி அலச, மேடை துடைக்கும் துணியைப் பிழிய, கேட்பவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க, எல்லாமே அந்த 40 லிட்டருக்குள். கை கழுவ?

"கிளவுஸ் போட்டிருக்கோமே மேடம்."

அடுத்த பத்து நிமிடம் அந்தக் கிளவுஸை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சைக் கோழியைத் தொட்டது. அதே கை முட்டைக்கோஸை அள்ளிப் போட்டது. 500 ரூபாய் நோட்டை வாங்கிச் சில்லறை எண்ணியது. செல்போனைத் தட்டிப் பணம் வந்துவிட்டதா என்று பார்த்தது. நெற்றி வியர்வையைத் துடைத்தது. கடைசியில், தட்டு வெளியே போகும் முன், வெங்காயத்தாளைக் கிள்ளி அழகாகத் தூவியது. வெறுங்கையாக இருந்திருந்தால் கோழியைத் தொட்ட பிசுபிசுப்பே அவனைக் கழுவ வைத்திருக்கும். கிளவுஸ் அந்த அருவருப்பையும் மறைத்துவிடுகிறது.

பத்துப் பன்னிரண்டு வருடமாக உணவு விற்பவர்களுக்குச் சுகாதாரப் பயிற்சி கொடுப்பதுதான் என் பிழைப்பு. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'ஃபாஸ்டாக்' பயிற்சி என்று சொன்னால் பாதிப் பேர் சுங்கச்சாவடி ஸ்டிக்கர் என்று நினைக்கிறார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதிலேயே முதல் ஐந்து நிமிடம் போய்விடும். போகட்டும்.

ஃபுட் டிரக்குகளை ஒழுங்குபடுத்த வேண்டும் என்ற பேச்சு இப்போது எல்லா நகரங்களிலும் இருக்கிறது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்கிறார்கள் குடியிருப்போர் சங்கத்தார். வாடகை கட்டாமல் வயிற்றில் அடிக்கிறார்கள் என்கிறார்கள் ஹோட்டல்காரர்கள். பிழைக்க விடுங்கள் என்கிறார்கள் வண்டிக்காரர்கள். மூன்று தரப்பும் பேசுவது வண்டி எங்கே நிற்கலாம் என்பதைப் பற்றித்தான். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஆளே இல்லை. என் ஆதங்கமெல்லாம் அதில்தான்.

அந்தக் கறுப்பு வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி இருவர் கடன் வாங்கிப் போட்டது. உணவு விற்க அனுமதி பெற்றதற்கான 14 இலக்க எண்ணைக் கதவில் ஒட்டியிருந்தார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது, உரிமத்துக்கான விதிகள் 2011-இல் வந்தன. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் உரிமம் வேண்டாம், 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் போதும் என்றுதான் 2011-இல் அந்த விதியை எழுதினார்கள். விண்ணப்பித்து 7 நாளுக்குள் அனுமதியோ மறுப்போ ஆய்வு உத்தரவோ வராவிட்டால் தொழிலைத் தொடங்கிக்கொள்ளலாம் என்றும் அதில் இருக்கிறது. சின்ன வியாபாரியை அலைக்கழிக்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் எழுதியது. நடைமுறையில், ஒருவரும் வந்து பார்க்காமலே ஒரு வண்டிக்கு எண் கிடைத்துவிட முடியும். அந்த எண் 2-இல் தொடங்கினால் பதிவு, 1-இல் தொடங்கினால் உரிமம். எண் இருக்கிறதா என்று நீங்கள் பார்ப்பது நல்லதுதான். எண் இருந்தால் கை கழுவியிருப்பார்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

அன்றைக்குச் சோற்றையும் பார்த்தேன். ஃபிரைடு ரைஸுக்கான சோறு மதியம் ஒரு மணிக்கு வீட்டில் வடித்தது; பெரிய ஹாட்பாக்ஸில் வந்திருந்தது. மாலை ஆறரைக்குத் தெர்மாமீட்டரை நடுவில் குத்தினேன். 41 டிகிரி. சூடான உணவு 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், குளிரூட்டியது 5-க்குக் கீழே இருக்க வேண்டும். இடைப்பட்டதெல்லாம் கிருமிக்குத் தாய்வீடு.

"எப்படியும் கடாயில போட்டு நல்லா வதக்கத்தானே மேடம் போறோம்?" என்றான் தம்பி. ஏறக்குறைய எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்றொரு கிருமி உண்டு. அதன் விதைகள் அரிசியிலேயே இருக்கும், வடித்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் அழியாது. கடாயில் தீ எவ்வளவு உயரம் எழும்பினாலும் சரி, பார்க்க அழகாக இருக்குமே தவிர, நஞ்சு அப்படியேதான் இருக்கும். சோற்றை வடித்ததும் அகலத் தட்டில் பரப்பி, ஆற்றி, உடனே குளிர்சாதனப் பெட்டியில் வைக்கச் சொல்லிக்கொடுத்தேன். பெட்டி எங்கே என்று கேட்டான். நியாயமான கேள்வி. கரன்ட் இணைப்பு இல்லை. ஜெனரேட்டர் போட்டால் அந்தத் தெருக்காரர்கள் சத்தம் என்று புகார் செய்கிறார்கள்.

இது சுத்தம் தெரியாததால் வரும் தவறு மட்டுமில்லை என்று நான் சொல்வது இதனால்தான். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் போக ஒரு வழி, இந்த மூன்றும் இல்லாத இடத்தில் நிற்கும் சமையலறையிடம் சுத்தத்தை எதிர்பார்க்கிறோம். இரவு பதினொன்றுக்கு எண்ணெய்ப் பாத்திரம் கழுவிய தண்ணீர் மழைநீர் வடிகாலில்தான் போகிறது. எண்ணெய் இறுகி வடிகால் அடைத்துக்கொள்வதும், அடுத்த மழைக்குத் தெருக்காரர்கள் சண்டைக்கு வருவதும் பிறகு நடப்பவை. அவர்கள் கோபத்தில் தவறே இல்லை.

இப்போது கேஸ். எனக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான். கடாய்க்கு நேர் கீழே, மூன்று பக்கமும் தகரம் அடைத்த அறையில், வீட்டு உபயோகத்துக்கான சிவப்பு சிலிண்டர். 14.2 கிலோ. வியாபாரத்துக்கு நீலப் பட்டை போட்ட 19 கிலோ சிலிண்டரைத்தான் வாங்க வேண்டும். விலை கூடுதல் என்பதால் சிவப்பு உள்ளே வந்துவிடுகிறது. நிறம் சட்டப் பிரச்சினை. எனக்கு அதைவிடப் பெரிய கவலை தகர அறை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரித் தரையோடு படரும். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தரையில் தேங்கியது தேங்கியதுதான். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும். சிலிண்டர் அறைக்குத் தரையை ஒட்டி வெளியே திறக்கிற துவாரம் இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நின்று சங்கிலியால் கட்டப்பட்டிருக்க வேண்டும், வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 2014 ஜூலை முதல் தேதி ஒரு ஃபுட் டிரக்கின் சிலிண்டர் வெடித்து, அதற்குள் வேலை செய்த தாயும் மகளும் இறந்தார்கள். தெருவில் போனவர்களும் காயப்பட்டார்கள். நெருக்கமான தெரு நமக்குத்தான் அதிகம்.

இந்த வண்டியைக் கட்டியவர் பட்டறைக்காரர். நல்ல வேலைக்காரர், ஆனால் அவருக்கு யாரும் வரைபடம் தரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியின் அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. அதனால் எஃப்.சி. காட்டப் போகும்போது ஒரு தலைவலி, விபத்து நடந்தால் இன்சூரன்ஸில் இன்னொரு தலைவலி. ஆர்.டி.ஓ. சக்கரத்துக்கு மேலே உள்ளதை வண்டியாகப் பார்க்கிறார். உணவுப் பாதுகாப்பு அலுவலர் அதைக் கடையாகப் பார்க்கிறார். போக்குவரத்துக் காவலருக்கு அது நோ பார்க்கிங்கில் நிற்கும் லாரி. கேஸ் அடுப்போடு நகரும் தகரப் பெட்டி என்று பார்க்க வேண்டியவர் யார் என்பது எந்தக் காகிதத்திலும் தெளிவாக இல்லை.

சாலையோர வியாபாரிகளைக் காக்க 2014-இல் ஒரு சட்டம் வந்ததே, அது உதவாதா என்று கேட்பீர்கள். நல்ல சட்டம். நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றச் சொன்னால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். பறிமுதல் செய்த பொருளில் அழுகக்கூடியதைக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். தள்ளுவண்டி இட்லிக்கார அம்மாவுக்கு இதெல்லாம் பெரிய கவசம்.

ஆனால் அதே சட்டம் சான்றிதழ் கேட்பவரிடம் ஓர் உறுதிமொழி வாங்குகிறது: வேறு பிழைப்பு இல்லை; நானோ என் குடும்பத்தாரோதான் நடத்துவோம்; யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன். கறுப்பு வண்டியின் அண்ணன் பகலில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் பெயரில்தான் வண்டி, கடன் எல்லாம். அவரால் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? கையேந்தி பவனுக்காக எழுதிய சட்டத்துக்குள் இந்த வண்டியைத் திணித்தால், அசலாகவே வேறு வழியில்லாத அந்த இட்லிக்கார அம்மாவின் இடத்தைத்தான் அது பிடுங்கும். ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் பேருக்குத்தான் இடம் என்ற உச்சவரம்பும் அதே சட்டத்தில் இருக்கிறது. இருவருக்கும் ஒரே வரிசை வேண்டாம் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை போடும் நண்பர்கள் உண்டு.

ஹோட்டல்காரர்கள் சொல்வதிலும் ஞாயம் உண்டு. பத்து மாத அட்வான்ஸ், வாடகை, வணிக மின்கட்டணம் எல்லாம் கொடுத்துக் கடை நடத்துகிறவர், வாசலுக்கு எதிரே அதே சில்லி சிக்கன் பாதி விலைக்குப் போவதைப் பார்த்தால் வயிறெரியாதா? அதற்கு அவர்கள் கேட்கும் மருந்து, ஹோட்டலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் நிற்கக் கூடாது என்ற விதி. சிகாகோவில் இது நடந்தது. 200 அடிக்குள் நிற்கக் கூடாது, ஓரிடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, வண்டியில் ஜி.பி.எஸ். இருக்க வேண்டும். வழக்கு இல்லினாய் உச்ச நீதிமன்றம்வரை போய், 2019 மே மாதம் 200 அடி விதியும் ஜி.பி.எஸ். விதியும் செல்லும் என்று தீர்ப்பானது. ஹோட்டல்காரருக்கு நிம்மதி. சாப்பிடுகிறவர் தட்டில் அந்த 200 அடியால் எதுவும் மாறாது.

எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க். அங்கே 1983-இல் வைத்த வரம்பு பல பத்தாண்டுகள் அப்படியே இருந்தது. நகராட்சிக்குச் சில நூறு டாலர் கட்டினால் கிடைக்கிற பர்மிட், கள்ளச்சந்தையில் இரண்டு வருட வாடகையாக 20,000 டாலருக்கு மேல் கைமாறியது. 2021-இல்தான் ஆண்டுக்குச் சில நூறு பர்மிட் வீதம் கூட்டுவதற்குச் சட்டம் போட்டார்கள். நம் ஊரில் பர்மிட்டே இல்லாமல் மாமூல் மட்டும் இருக்கிறது. அதைப் பற்றி எழுதினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் நான் பொறாமைப்படும் விதி வேறொன்று. ஒவ்வொரு வண்டியும் உரிமம் பெற்ற ஒரு தாய்ச் சமையலறையோடு இணைந்திருக்க வேண்டும். அங்கேதான் தண்ணீர் பிடிக்க வேண்டும், கழிவுநீரைக் கொட்ட வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் ஹோட்டல்களைப் போலவே வண்டிகளுக்கும் ஆய்வு மதிப்பெண்ணை எழுத்தாக வெளியே ஒட்டுகிறார்கள். நம் நகரங்களில் பத்து வண்டிக்கு ஓர் இடம் ஒதுக்கி, குழாய், எண்ணெய் வடிக்கும் தொட்டி, மின் இணைப்பு கொடுத்து, மாத வாடகை வாங்கலாம். அதன்பிறகு ஆய்வுக்கு வந்து கறாராக இருக்கலாம். குழாயே கொடுக்காமல் கை கழுவினாயா என்று கேட்டால் என்ன பதில் வரும்?

தடைகள் போடுவதில் நாம் சளைத்தவர்கள் இல்லை. ரோடமைன் பி சாயம் கலந்த பஞ்சுமிட்டாய்க்கு 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் தடை வந்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்தது. இரண்டுமே சரியான முடிவுகள்தான். மயோனைஸ் தடை வந்த வாரம் பயிற்சிக்கு வந்த எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆறு மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடக்கும் சோற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சோற்றுக்குத் தலைப்புச் செய்தி கிடைப்பதில்லை.

நீங்கள் வண்டியில் சாப்பிடப் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். பணம் வாங்குகிற கையும் உணவைத் தொடுகிற கையும் வேறுவேறா? கை கழுவக் குழாய் வைத்த கேன் ஒன்று கண்ணில் படுகிறதா? கடாயிலுள்ள எண்ணெய் கறுத்து, நுரைத்து, கண்ணைக் கரிக்கிற புகை விடுகிறதா? செய்தித்தாளில் மடித்துத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அச்சு மை வயிற்றுக்குள் போகும். ஃபிரைடு ரைஸைவிட, மாவை எடுத்து உங்கள் கண்முன்னே ஊற்றுகிற தோசை பாதுகாப்பானது. இது என் சொந்தப் பழக்கம்.

கறுப்பு வண்டிக்கு இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். குழாய் வைத்த தண்ணீர்க் கேன் வந்திருந்தது, பக்கத்தில் சோப்பு. பணம் வாங்க அண்ணனின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தார். நீலப் பட்டை சிலிண்டர் சங்கிலியோடு நின்றது. பட்டறையில் கொடுத்து, தரையை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துவாரம் வெட்டியிருந்தார்கள். சந்தோஷமாகக் குனிந்து பார்த்தேன். இரண்டையும் அட்டையை வெட்டி, டேப் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டியிருந்தது.

"என்ன தம்பி இது?"

"எலி வருது மேடம்."

அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு முழம் கம்பி வலை வாங்கிவர அவனை அனுப்பினேன்.