போர்டு டெக்க ஏஐகிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி

ஃபைனான்ஸ் டீம்ல இருந்தா பாதி வேலை மேனேஜ்மென்ட்டுக்கும் போர்டுக்கும் டெக், அதாவது பிரசென்டேஷன் ஸ்லைடுங்க, ரெடி பண்றதுதான். சாட்ஜிபிடி 2022 நவம்பர்ல வந்துச்சு, அடுத்த நவம்பர்ல மைக்ரோசாஃப்ட்டோட ஏஐ உதவியாளர் கோபைலட்டு பவர்பாயின்ட்டுக்குள்ளயே வந்து உக்காந்துருச்சு, அதுக்கப்புறம் என் டேபிளுக்கு வர்ற டெக் எல்லாம் ஒரே ஜாடையில இருக்கு. மூணு பாக்ஸ், மூணு ஐகான், மேல "வளர்ச்சிக்கான பாதை"ங்கற மாதிரி ஒரு தலைப்பு. பளபளன்னு இருக்கும், ஆனா இருபது ஸ்லைடும் படிச்சு முடிச்சா இவங்க நம்மகிட்ட என்னதான் கேக்குறாங்கன்னு புரியாது.

போர்டுல ஒரு அஜெண்டா ஐட்டத்துக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் கெடைச்சா பெரிய விஷயம், பல பேர் முந்தின நாள் ராத்திரி ஐபேட்ல தள்ளித் தள்ளி பாத்துட்டுதான் வருவாங்க, அதனால எந்த டூலையும் திறக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுதிடுங்க. மீட்டிங் முடியறப்போ அவங்க எதுக்கு சரின்னு சொல்லணும், எவ்வளவு பணம், எப்போக்குள்ள. இந்த வரிய மட்டும் ஏஐகிட்ட கேக்காதீங்க. கேட்டா ஏதோ ஒண்ணு எழுதித் தரும், நீங்களும் அதுதான் நம்ம எண்ணம்னு நம்பிடுவீங்க.

அந்த வரி கையில இருந்தா ஏஐ நிஜமாவே உதவும். மெக்கின்சிங்கற கன்சல்டிங் கம்பெனியில 1960கள்ல வேலை பாத்த பார்பரா மின்டோவோட பிரமிட் முறைய கன்சல்டிங் ஆளுங்க இன்னிக்கும் விடல: முடிவு மேல, காரணம் கீழ, ஆதாரம் அதுக்கும் கீழ. உங்க குறிப்பு, மினிட்ஸ் எல்லாம் குடுத்துட்டு, "ஸ்லைடு வேண்டாம், எட்டு தலைப்பு மட்டும் குடு, ஒவ்வொண்ணும் முழு வாக்கியமா இருக்கணும், தலைப்பு மட்டும் வரிசையா படிச்சாலே விஷயம் புரியணும், என் குறிப்புல இல்லாதத சேக்காத, ஆதாரம் பத்தலன்னா பத்தலன்னு சொல்லு"ன்னு கேளுங்க. உதாரணத்துக்கு, "வொர்க்கிங் கேப்பிட்டல் நிலவரம்"னு இருந்த தலைப்பு, "டெப்டர் டேஸ் 62ல இருந்து 81 ஆனதுக்கு ரெண்டு கஸ்டமர்தான் காரணம், அவங்க கிரெடிட் லிமிட்ட குறைக்க ஒப்புதல் வேணும்"னு மாறும் (டெப்டர் டேஸ்னா கஸ்டமர் பணம் கட்ட எடுத்துக்குற சராசரி நாள்). முதல் தலைப்புக்கு தலையாட்டிட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிடுவாங்க, ரெண்டாவதுக்கு யாராவது ஒருத்தர் கண்டிப்பா "எந்த ரெண்டு கஸ்டமர்?"னு கேப்பாங்க.

தலைப்பு தப்பா போனா என்ன ஆகும்னு புரிய 2003 கொலம்பியா விண்கலம் விஷயத்த படிங்க. கிளம்புறப்போ இறக்கையில ஃபோம் மோதினது ஆபத்தான்னு போயிங் ஆளுங்க நாசாவுக்கு காட்டின ஸ்லைடுல, தலைப்ப படிச்சா டெஸ்ட் டேட்டா பயப்படாதன்னு சொல்ற மாதிரி இருக்கும். கடைசி புள்ளியிலதான், இங்க பேசுற துண்டு 1,920 கன அங்குலம், டெஸ்ட் பண்ணினது 3 கன அங்குலம்னு போட்டிருந்தாங்க. 640 மடங்கு! ஏழு பேர் உயிர் போச்சு, அப்புறம் விசாரணைக் குழு தன்னோட அறிக்கையிலயே அந்த ஸ்லைட போட்டு பிரிச்சு மேஞ்சுது. அது மனுஷங்க பண்ணின ஸ்லைடுதான், ஆனா ஏஐக்கும் அதே புத்தி, நமக்கு இனிக்கிறத தலைப்புல வச்சுட்டு கசக்கிறத கீழ தள்ளிடும். அதனால டிராஃப்ட் வந்ததும் நான் கேக்குற முதல் கேள்வி, "நான் கேக்குற ஒப்புதலுக்கு எதிரா போற நம்பர் எது, அது எந்த ஸ்லைடுல ஒளிஞ்சிருக்கு?"

நம்பர தப்பா போடுறத விட எனக்கு பயம், ஏஐ காரணத்த கற்பனை பண்றதுலதான். கிராஸ் மார்ஜின் (விற்பனையில நேரடிச் செலவு போக மிஞ்சுறது) 18ல இருந்து 15 சதவீதம் ஆச்சுன்னு மட்டும் சொல்லி ஸ்லைடு கேட்டுப் பாருங்க, மூலப்பொருள் விலை ஏறிடுச்சு, டாலர் ரேட்டு ஏறிடுச்சுன்னு சரளமா எழுதும். நீங்க குடுத்ததுல அப்படி ஒண்ணுமே இருக்காது, நிஜத்துல ஒரு பெரிய ஆர்டர டிஸ்கவுன்ட்ல குடுத்ததாகூட இருக்கலாம். கேக்க நியாயமா இருக்கறதால யாருக்கும் சந்தேகமே வராது. அந்த இறக்கம் 3 சதவீதப் புள்ளி, "3% குறைவு"ன்னு எழுதினா தப்பு. வெளிநாட்டு தாய் கம்பெனிக்கு அனுப்புற டெக்னா கோடி மில்லியன் இன்னொரு தலைவலி, 42 கோடின்னா 420 மில்லியன், ஒரு சைபர் விட்டுப்போனா மீட்டிங்கே அதுலயே முடிஞ்சிடும். சார்ட்ட எக்செல்ல இருந்து லிங்க் பண்ணுங்க, ஏஐ வரைஞ்ச சார்ட்ட அப்படியே விடாதீங்க. மேற்கோள், ரிப்போர்ட் பேர் எல்லாம் ஒவ்வொண்ணா திறந்து பாத்தே ஆகணும். ஆஸ்திரேலியாவுல டெலாய்ட்டுங்கற கன்சல்டிங் கம்பெனி ஒரு அரசுத் துறைக்கு சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு பண்ணிக் குடுத்த ரிப்போர்ட்ல இல்லாத ஆய்வுகளும் கோர்ட் தீர்ப்புல வராத ஒரு மேற்கோளும் இருந்தது தெரிஞ்சு, 2025 அக்டோபர்ல ஒரு பகுதி பணத்த திருப்பித் தர ஒத்துக்கிட்டாங்க.

லிஸ்டட் கம்பெனியில இருக்கீங்கன்னா இது ரொம்ப முக்கியம். ரிசல்ட் அறிவிக்கறதுக்கு முன்னாடி உங்க கையில இருக்கற குவார்ட்டர் நம்பர், பங்குச் சந்தைய கண்காணிக்கிற செபியோட 2015 இன்சைடர் டிரேடிங் விதிப்படி வெளிவராத, விலைய பாதிக்கக்கூடிய தகவல். அத உங்க சொந்த ஜிமெயில்ல ஓப்பன் பண்ணின ஃப்ரீ அக்கவுன்ட்ல ஒட்டுறது வேண்டவே வேண்டாம், கம்பெனி வாங்கிக் குடுத்த லைசென்ஸ் இருந்தாலும் இதுக்கு பயன்படுத்தலாமான்னு கம்ப்ளையன்ஸ்ல கேட்டுக்குங்க. 2023ல சாம்சங் இன்ஜினியர்கள் சோர்ஸ் கோட சாட்ஜிபிடில ஒட்டினது தெரிய வந்து, கம்பெனியே இந்த மாதிரி டூலுக்கு தடை போட வேண்டியதாச்சு. அமைப்ப வடிவமைக்க ஏஐக்கு நிஜ நம்பர் தேவையே இல்ல, "கஸ்டமர் அ", "எக்ஸ் கோடி"ன்னு குடுத்தாலே போதும், கடைசியா நீங்களே நிரப்பிக்கலாம்.

எல்லாம் முடிஞ்சதும் தலைப்புகள மட்டும் திரும்ப குடுத்து, சந்தேகப் பேர்வழியான ஒரு ஆடிட் கமிட்டி தலைவர் மாதிரி பத்து கேள்வி கேக்கச் சொல்லுங்க. என்ன கேட்டா இந்த டூலோட பெஸ்ட் யூஸ் இதுதான், ஸ்லைடு போடுறது எல்லாம் அப்புறம். அஞ்சாறு கேள்வி சப்பையா இருக்கும், ரெண்டு மூணு வயித்த கலக்கும். அதுல எதுக்கு உங்ககிட்ட பதில் இல்லையோ அதுக்கு மட்டும் அன்னிக்கே சேல்ஸ் டீமுக்கோ பிளான்ட்டுக்கோ போன் போட்டு நம்பர் வாங்கி, ஒரு பேக்கப் ஸ்லைடா அப்பெண்டிக்ஸ்ல வச்சிருங்க.