தாலந்து: சொல்லும் எடையும்

'தாலந்து' என்றதும் சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு ஞாபகம் வருவது ஞாயிறு பள்ளியின் தாலந்துப் போட்டிதான். பாட்டு, பேச்சு, வசன மனப்பாடம். திறமை என்ற பொருள் அந்தச் சொல்லோடு அவ்வளவு ஒட்டிப்போய்விட்டது. உண்மையில் அது ஓர் எடையின் பெயர். கடையில் விற்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிட ஒரு கிலோ கூடுதல்.

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஒரு எஜமான் தன் ஊழியக்காரர்களுக்கு ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்து கொடுத்துவிட்டு வெளியூர் போகிறான். ஒன்று வாங்கியவன் அதை மண்ணில் புதைக்கிறான். சிப்பம் எடையுள்ள வெள்ளி என்று தெரிந்து படித்தால் அவன் தோண்டிய குழியின் அளவே மாறிவிடுகிறது. இந்தக் கதைக்குப் பிற்காலத்தில் சொன்ன விளக்கங்களிலிருந்துதான் ஐரோப்பிய மொழிகளில் 'தாலந்து' திறமையானது. எடை பணமாகி, பணம் கடவுள் கொடுத்த வரமாகி, வரம் திறமையாகி இருக்கிறது.

கிரேக்கத்தில் சொல் 'தாலந்தோன்'. அதன் முதல் பொருள் தராசு. தாங்கு, சும என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்தில் வீரர்கள் அக்கிலீசும் ஹெக்டரும் மோதும்போது கடவுள் சீயஸ் பொன் தராசைத் தூக்கிப் பிடித்து இருவரின் சாவையும் தட்டுக்கு ஒன்றாக வைத்து நிறுக்கிறான். அங்கே வரும் 'தாலந்தா' தராசுதான், எடை அல்ல. அதே காவியத்தில் தேர்ப்பந்தயத்தின் நாலாவது பரிசு இரண்டு தாலந்து தங்கம், மூன்றாவது பரிசு இன்னும் அடுப்பேறாத ஒரு கொப்பரை. 52 கிலோ தங்கம் ஒரு கொப்பரைக்குக் கீழேயா? அப்படியானால் ஹோமரின் தாலந்து சின்ன எடையாகத்தான் இருந்திருக்க வேண்டும். 'ஒரு தாலந்து எத்தனை கிலோ' என்று கேட்பதற்கு முன்னால் எந்தக் காலம், எந்த ஊர் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, நன்றாகத் தெரிந்த ஏதென்சின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 6 ஒபோல் ஒரு திராக்மா, 100 திராக்மா ஒரு மினா, 60 மினா ஒரு தாலந்து. இவை எத்தனை கிராம் என்பதைக் காசுகள் சொல்கின்றன. ஏதென்சின் நாலு திராக்மா வெள்ளிக்காசில் ஒரு பக்கம் அதீனா தலை, மறுபக்கம் நேராக நம்மைப் பார்க்கும் ஆந்தை, அதன் தோளுக்கு மேலே ஒலிவ இலைக்கொத்தும் ஒரு சிறு பிறையும். கெட்டியான காசு. தேயாத ஒன்று 17.2 கிராம் வரும். நாலால் வகுத்தால் ஒரு திராக்மா 4.3 கிராம். மினா 430 கிராம், தாலந்து 25.8 கிலோ. சில நூல்கள் திராக்மாவை 4.36 கிராம் என்று வைத்துத் தாலந்தை 26.16 கிலோ என்று போடும். 26 கிலோ என்று சொன்னால் போதும். இதற்குமேல் மூன்று தசம இடம் வரை கொடுக்கும் மாற்றுக் கருவிகளை நான் நம்புவதில்லை.

காரணம் இருக்கிறது. ஏதென்சின் பழைய சந்தைவெளியில் ஒரு கிணற்றில் கிடைத்த மூன்று வெண்கல எடைக்கற்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முழு எடைக்குக் குறி ஆட்டின் கணுக்கால் எலும்பு, கால் பங்குக்குக் கேடயம், ஆறில் ஒரு பங்குக்கு ஆமை. மூன்றிலும் 'ஏதென்சுக்காரர்களின் பொதுச்சொத்து' என்று பொறித்திருக்கிறது. முழுக்கல் சுமார் 795 கிராம், கால் பங்குக் கல் சுமார் 190. நாலால் பெருக்கிப் பாருங்கள், 760-தான் வரும். அரசாங்கக் கற்களே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அப்புறம் ஊருக்கு ஊர் வேறுபாடு வேறு. ஏகினா தீவின் அளவில் ஒரு திராக்மா 6 கிராமைத் தாண்டும்.

சின்ன அலகுகளின் பெயர்கள் இன்னும் சுவையானவை. 'ஒபோல்' என்றால் இறைச்சி சுடும் இரும்புக் கம்பி. 'திராக்மா' என்றால் கைப்பிடி. ஆறு கம்பி சேர்ந்தால் ஒரு கைப்பிடி. ஆர்கோஸ் ஊருக்கருகில் ஹேரா கோயிலில் காணிக்கையாக வைத்த இரும்புக் கம்பிக் கட்டு அகழாய்வில் கிடைத்திருக்கிறது. காசு வந்தபிறகு ஒபோல் 0.72 கிராம் வெள்ளியாகச் சுருங்கியது. தொலைந்துவிடும் என்று ஏதென்சுக்காரர்கள் அதை வாயில் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். கைப்பிடியோ அரபியில் 'திர்ஹம்' ஆனது. துபாயில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் சம்பளம் வாங்குவது அதில்தான்.

நாம் மாற்றிக்கொள்ளும் கிராமும் கிரேக்கச் சரக்குதான். 'கிராம்மா' என்பது பிற்கால மருத்துவர்களின் சிறு எடை, ஒரு திராக்மாவில் மூன்றில் ஒன்று. 1795-இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரை எடுத்துப் புது அளவுக்கு வைத்தார்கள். 'கிலோ'வும் கிரேக்கத்தின் ஆயிரம்.

தமிழில் எப்படி எழுதுவது? திராக்மாவைக் கழஞ்சு என்ற பழந்தமிழ் எடையாகப் பெயர்ப்பது அழகாக இருக்கும், ஆனால் தப்பு. கழஞ்சு ஐந்து கிராமுக்கு மேல். வாசகர் கணக்குப் போட்டால் நாலில் ஒரு பங்கு பிசகும். அலகின் பெயரை அப்படியே தாலந்து, மினா, திராக்மா, ஒபோல் என்று எழுதி, பக்கத்தில் கிராம் கொடுப்பதே முறை. தராசு என்ற பொருளில் வரும் 'தாலந்தோன்' மட்டும் வேறு. அதற்கு ராசியில் இருக்கும் நம் 'துலாம்' அச்சாகப் பொருந்தும். துலாமுக்கு மூலமான வடமொழி 'துலா'வும் தாலந்தோனும் ஒரே வேரில் பிறந்தவை. துலாவும் தராசாகத் தொடங்கி, 100 பலம் (பலம் என்பது ஒரு பழைய சிறு எடை) கொண்ட எடையின் பெயராகவும் ஆனது. சுத்தத் தமிழ்தான் வேண்டுமென்றால் 'தூக்கு' இருக்கிறது. அதற்கும் தராசு, 50 பலம் எடை என்று இரண்டு பொருளும் உண்டு.

கிலோ கணக்கு எழுதும்போது இன்னொன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கிலோகிராமால் அளப்பது 'நிறை', புவி இழுப்பது 'எடை'. இலங்கையில் முதலாவது 'திணிவு', இரண்டாவதுதான் 'நிறை'. ஒரே சொல் கடல் தாண்டினால் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறது.

மினாவைப் பழைய தமிழ் வேதாகமம் எப்படிச் சமாளித்தது என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். லூக்கா 19-இல் எஜமான் கொடுப்பது கிரேக்க மூலத்தில் பத்து மினா. தமிழில் 'பத்து ராத்தல் திரவியம்'. மினா 430 கிராமுக்கு மேல், ராத்தல் சுமார் 454 கிராம். ஐந்து சதவீதம்தான் வித்தியாசம். அந்த ராத்தலும் அரபியின் 'ரத்ல்' வழியாக வந்தது. ரத்லுக்கு மூலம் சிசிலிக் கிரேக்கர்களின் 'லித்ரா' என்ற எடை. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஒரு றாத்தல் பாண் (ரொட்டி) என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.