ஒரே பாத்திக்கு மூன்று கேம்பஸ்

போன மாதம் நுவரெலியாப் பக்கம் ஒரு உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பாதிப் பாத்தி வாடிக் கிடந்தது. தோட்டக்காரர் என்னைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க நாலாவது ஆள் சேர். மூணு கேம்பஸ்ல இருந்து பிள்ளைகள் வந்து செடியைப் பிடுங்கிட்டுப் போனாங்க, ஒருத்தரும் திரும்பி ஒன்னும் சொல்லல."

தண்டை வெட்டி ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் நூல் போல இறங்கியது. பற்றீரியா வாடல். இதற்கு ஆய்வுகூடமே வேண்டாம். ஆனால் பதுளைப் பக்கம் வாட்டுவதும் இங்கே வாட்டுவதும் ஒரே வகைக் கிருமிதானா என்று பார்க்க இரண்டு இடத்துக் கிருமியையும் பக்கத்தில் வைத்தாக வேண்டும், அதற்கு இரண்டு இடத்து ஆட்களும் முதலில் பேசிக்கொள்ள வேண்டும்.

ஏன் பேசிக்கொள்வதில்லை என்று மூன்று கேம்பஸிலும் விசாரித்தேன். ஒரே பதில்: "கிருமியைக் கொடுத்தால் அவங்க முதல்ல ஆய்வுப் பேப்பர் போட்டிடுவாங்க." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரு தோட்டத்து நாலு செடியை வைத்து யார் ஐயா பேப்பர் போடப் போகிறார்கள்? எந்த ஆய்விதழ் ஆசிரியரும் முதலில் கேட்பது "வேறு இடங்களில் பார்த்தீர்களா?" என்றுதான். பேப்பரில் யார் பெயர் எங்கே வரும் என்பதை மாதிரி எடுக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் சண்டை ஏன்? இத்தனைக்கும், பிரிட்ஜில் பூட்டி வைத்த கிருமி உங்களுக்கே மிஞ்சாது. இந்தச் சனியன் குளிரில் மெல்ல முடங்கிப்போகும், ஆய்வுகூடத் தட்டில் திரும்பத் திரும்ப வளர்த்தால் நோயுண்டாக்கும் வீரியமே போய்விடும். சுத்தமான தண்ணீரில் சாதாரண அறையில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். அதில் ஒரு குப்பியைப் பக்கத்து வளாகத்துக்குக் கொடுத்து வைத்தால், உங்களுடையது செத்தாலும் திரும்ப வாங்கலாம்.

1869இல் மடுல்சீமைக் கோப்பி இலையில் துரு நோய் கண்டபோது, பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் த்வெயிட்ஸ் அந்த இலையைக் கப்பலில் இங்கிலாந்துக்கு, பூஞ்சண அறிஞர் பெர்க்லிக்கு அனுப்பினார். நமக்குப் பேராதனையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதையே இருக்கிறது.

சரி, போகும் முன் மற்ற வளாகத்துக்கு ஒரு போன் போடுங்கள். ஒரே வேனில் போங்கள். சப்பாத்தைத் தோட்டத்து வாசலிலேயே கழுவிக் கிருமிநாசினியில் நனையுங்கள், மூன்று குழு மூன்று முறை சேற்றோடு ஏறி இறங்கினால் நோயைப் பரப்புவது நாம்தான். அப்புறம், தயவுசெய்து முடிவைத் தோட்டக்காரருக்குச் சொல்லுங்கள், தமிழில். நான் போன அன்று அவர் அடுத்த போகத்துக்கு விதைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார், அதே பாத்தியில், வாடாத செடிகளாகப் பார்த்து. அந்தக் கிழங்கிலும் இதே கிருமி ஒளிந்திருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.