பிளேட்டில் ஒரு நீள்வட்டத் துளை

மழை நின்ற வேளச்சேரி சாலையில் டூவீலர் சறுக்கினால் கை தானாகத் தரையில் ஊன்றும். உடம்பின் எடை அந்தக் கைமேல் விழும்போது, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இருக்கும் இரண்டு எலும்புகளும் சேர்ந்தே ஒடியலாம். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் “பிளேட் வைக்கணும்” என்பார். “மாவுக்கட்டு போட்டா சேராதா?” என்று வீட்டார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சேரும்தான். ஆனால் எந்த வடிவத்தில் சேரும் என்பதுதான் பிரச்சினை.

பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை வாங்க உள்ளங்கையை மேலே திருப்புகிறோம். அப்போது கட்டைவிரல் பக்கத்து எலும்பான ரேடியஸ், சுண்டுவிரல் பக்கத்து எலும்பான அல்னாவைச் சுற்றித் திரும்புகிறது. ரேடியஸ் வில்போல லேசாக வளைந்திருப்பதால்தான் அல்னாவில் முட்டாமல் சுற்ற முடிகிறது. மாவுக்கட்டுக்குள் தசைகள் எலும்புத் துண்டுகளை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த வளைவு கெட்டுச் சேர்ந்தால் கை வலுவாக இருந்தாலும் சரியாகத் திரும்பாது. குழந்தைகளுக்கு வளரும் எலும்பு கோணலை ஓரளவு தானே நிமிர்த்திக்கொள்ளும் என்பதால் பலருக்கு மாவுக்கட்டே போதும். பெரியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

அறுவையில் தசைகளுக்கு இடையே வழி கண்டுபிடித்து எலும்பை அடைகிறார்கள். எலும்பைப் போர்த்திய மெல்லிய சவ்வுதான் அதற்கு ரத்தம் தரும் வழிகளில் ஒன்று. அதை முடிந்தவரை உரிக்காமல் விடுவார்கள். முறிந்த முனைகளைப் பொருத்தி, மேலே பிளேட் எனும் உலோகப் பட்டையை வைப்பார்கள்.

அப்புறம் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பட்டையின் துளைகள் நீள்வட்டமாக, உள்ளே ஒரு சரிவோடு இருக்கும். முறிவின் ஒரு பக்கம் ஸ்க்ரூ போட்டுப் பட்டையை நிறுத்திவிட்டு, மறுபக்கத்தில் முறிவிலிருந்து தள்ளியிருக்கும் துளை ஓரத்தில் டிரில் செய்வார்கள். அந்த ஸ்க்ரூவை முறுக்க முறுக்க, அதன் உருண்டைத் தலை சரிவில் வழுக்கி முறிவை நோக்கி நகரும். அது கடித்திருக்கும் எலும்பும் கூடவே வரும். நகர்வது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று அழுந்த அதுவே போதும். 1958இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏஓ என்ற எலும்பு மருத்துவர்கள் குழு வளர்த்தெடுத்த முறை இது.

அசைவு இருந்தால் எலும்பு தன்னைச் சுற்றிப் புடைப்புக் கட்டிச் சேரும். அசையாமல் அழுந்தியிருந்தால் புடைப்பே வேண்டாம்: சில செல்கள் முறிவின் குறுக்கே நுண்ணிய குழாய் குடைய, பின்னாலேயே வரும் செல்கள் அதில் புது எலும்பை நிரப்புகின்றன. இது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. எலும்பு நொறுங்கியிருந்தால் அழுத்த முடியாது. அங்கே பட்டை பாலம்போல இரு கரையையும் பிடித்துக்கொள்ளும்.

பிளேட் உறுதியாக இருந்தால் சீக்கிரமே விரல்களை மடக்கி நீட்டச் சொல்வார்கள். வலித்தாலும் செய்யுங்கள். ஆனால் மாவுக்கட்டோ புத்தூர் கட்டோ அறுவைக்குப் பிந்திய கட்டோ, விரலை நீட்டும்போது வலி தாங்க முடியாமல் ஏறிக்கொண்டே போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும்.

தொந்தரவு இல்லையென்றால் பிளேட் உள்ளேயே இருக்கலாம். எடுக்க வேண்டுமென்றாலும் குறைந்தது ஒன்றரை ஆண்டு பொறுப்பது வழக்கம். எடுத்த பின் ஸ்க்ரூ இருந்த ஓட்டைகளில் எலும்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடத்தை மற்றக் கையால் தூக்குங்கள்.